நாய்க்குப் பத்து நாள்

சேக் முகைதீனை நாய் கடித்தது புரட்டாசி மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை. கடித்தது தெருநாய் இல்லை. ராஜபாளையத்தில் வெங்கட்ராஜா வீட்டு வேட்டை நாய். பால் வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு, கன்றுக்குட்டி உயரம். அதற்குக் கஞ்சி ஊற்றவும் குளிப்பாட்டவும் வேல்சாமி என்று தனியாக ஒரு ஆள் உண்டு. அப்படிப்பட்ட நாயிடம் கடி வாங்கியதில் ஒரு மரியாதை இருப்பதாகக் கடைத்தெருவில் இரண்டு பேர் சொன்னார்கள். அவர்களை அது கடிக்கவில்லை, சொல்வதற்கென்ன.

முகைதீன் தையல்காரன். கடைத்தெருவில் ஒரு மிஷின், ஒரு பெஞ்சு, மேலே ஒரு தகரக்கூரை, அவ்வளவுதான் கடை. யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த வருஷம் தீபாவளியும் ரமலான் பெருநாளும் ஒரே வாரத்தில் வந்து விழுந்தன. கடித்த எட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை தீபாவளி, அதற்கடுத்த புதன்கிழமை வாக்கில் பெருநாள். ஊரிலுள்ள அத்தனை உடம்புக்கும் ஒரே நேரத்தில் புதுச்சட்டை வேண்டும். அவன் நோன்பு வைத்துக்கொண்டு மிஷினை மிதித்தான். மனைவி நூர்பானு வீட்டில் உட்கார்ந்து ஊசியும் நூலுமாகப் பொத்தானுக்குக் காஜா எடுத்தாள். ராஜாக்கள் வீட்டுப் பெண்களுக்கு ரவிக்கை அளவெடுக்கப் போவதும் அவள்தான். பிள்ளை குட்டி இல்லாத வீடு. இருவரும் விடிந்தால் துணி, அடைந்தால் துணி என்று இருந்தார்கள்.

வெங்கட்ராஜா ஒரு வழக்கு விஷயமாக அன்று மத்தியானம் மதராஸ் கிளம்புகிறவர். அதற்குள் அளவெடுத்துவிட வேண்டும் என்று காலையிலேயே முகைதீன் போனான். தொழுவத்து ஓரத்தில் நாய் தூங்கிக்கொண்டிருந்தது. தூங்குகிற நாயைத் தாண்டிப் போனால் என்ன என்று நினைத்தான். பக்கத்தில் போனதும் அது துள்ளி எழுந்து கெண்டைக்காலைக் கவ்விவிட்டது.

வேல்சாமி ஓடிவந்து நாயை இழுத்துக் கட்டினான். "தரையத் தட்டிட்டு வரக்கூடாதா பாய்? இதுக்குக் காது கேக்காது. பொறவியிலயே செவிடு. வெள்ளை நாயில இப்படி நாலஞ்சு பொறக்கும். காலால ஓங்கித் தட்டுனா மண்ணு அதிர்றது தெரிஞ்சு முழிச்சுக்கும். திடீர்னு ஆளப் பாத்ததும் பயந்துட்டு."

"அது பயந்துட்டாம்" என்றான் முகைதீன், ரத்தத்தைப் பார்த்தபடி.

கிணற்றடியில் காலைக் கழுவினான். நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் போட்டு. எண்ணிக்கை பிசகாமல் கழுவினான். அப்புறம் சந்தேகம் வந்து இன்னொரு ஏழு கழுவினான். அதற்குள் ராஜா வந்து பார்த்து, தன் கைச்சீட்டோடு அவனை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, டாக்டர் தேவஇரக்கத்திடம் அனுப்பிவைத்தார்.

பஸ்ஸில் நிற்க இடமில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளுக்குக் கடைசிச் சனிக்கிழமைக் கூட்டம். மொட்டைத் தலையில் சந்தனம், மடியில் மாவிளக்குக்கு இடித்த மாவு, வாயில் கோவிந்தா. காலில் கட்டியிருந்த துணியைப் பார்த்து ஒரு பெரியவர் விசாரித்தார். நாய்க்கடி என்றதும் பஸ்ஸே வைத்தியராகிவிட்டது. ஒருத்தி சுட்ட வெங்காயம் வைக்கச் சொன்னாள். ஒருவர் வத்திராயிருப்புப் பக்கம் தன் சகலைக்கு நடந்ததைச் சொன்னார். "மூணு மாசம் நல்லாத்தான் இருந்தான். ஒரு நாள் செம்புத் தண்ணியப் பாத்தான், கத்துனான். அம்புட்டுதான். கட்டிப்போட வேண்டியதாப் போச்சு. கடைசியில நாய் மாதிரியே ஊளை விட்டான்." சொல்லிவிட்டு அவர் கோவிந்தா என்றார். பஸ் முழுக்கக் கோவிந்தா என்றது.

டாக்டர் தேவஇரக்கம் வளவளவென்று பேசாதவர். காயத்தில் கார்பாலிக் ஆசிட் வைத்துச் சுட்டார். முகைதீன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அலறினான்.

"நாய் இப்ப எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு சார். ராஜா வீட்டு நாயி."

"யார் வீட்டு நாயா இருந்தா என்ன? கேட்டுக்கோங்க. அதை அடிச்சுக் கொன்னுராதீங்க. கட்டிப்போட்டுத் தினமும் பாருங்க. பத்து நாள் அது தின்னுக்கிட்டு, குடிச்சுக்கிட்டு உயிரோட இருந்தா உங்களுக்கு ஒரு பயமும் இல்ல. நடுவுல செத்தாலோ, தின்னாமக் கிடந்தாலோ, அன்னைக்கே மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ரயில் ஏறிரணும். ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது." ஒரு கடிதம் எழுதி ஒட்டிக் கொடுத்தார். "போனா இதைக் காட்டுங்க."

"நோய் வந்தா எப்படி சார் தெரியும்?"

டாக்டர் சொன்னார். கடித்த இடம் அரிக்கும். தொண்டை இறுக்கும். தண்ணீர் இறங்காது. வந்துவிட்டால் அப்புறம் மருந்து கிடையாது. அவர் இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். ஆனால் கேட்டது இவன்தானே.

அன்றிலிருந்து முகைதீனின் உயிர் அவன் உடம்பில் இல்லை, வெங்கட்ராஜா வீட்டுத் தொழுவத்தில் கட்டிக் கிடந்தது. தினமும் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டுப் போவான். வாசல் கேட்டுக்கு வெளியே நின்று தரையில் ஓங்கித் தட்டுவான். நாய் தலையைத் தூக்கும். எழுந்து நிற்கும். "கஞ்சி குடிச்சுதா?" என்று கேட்பான். "குடிச்சுது பாய், ஒரு சட்டி" என்பான் வேல்சாமி. முகைதீன் நாய்க்காக துவா கேட்டான். நாய்க்கு துவா கேட்கலாமா என்று பள்ளிவாசலில் யாரிடமாவது கேட்கலாம் என்று நினைத்து, வெட்கத்தில் விட்டுவிட்டான்.

அதைவிடப் பெரிய சோதனை நோன்பு திறக்கும் நேரம். பகல் முழுக்க எச்சில்கூட விழுங்காத தொண்டை காய்ந்து இறுகித்தான் இருக்கும். முப்பது வருஷமாக அப்படித்தான் இருந்திருக்கிறது. இப்போது ஒவ்வொரு இறுக்கமும் டாக்டர் சொன்ன இறுக்கமாகத் தோன்றியது. பள்ளிவாசலில் நகரா முரசு முழங்கியதும் எல்லோரும் தண்ணீரைத் தூக்குவார்கள். இவன் டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கை நடுங்கும். கை நடுங்குவதே நோயோ என்று இன்னும் நடுங்கும். நூர்பானு மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிரில் இருப்பாள். ஒரு மிடறு இறங்கியதும் இருவரும் ஒன்றாக மூச்சு விடுவார்கள். அடுத்த நாள் மறுபடியும் இதே கதை.

ஞாயிறு நன்றாகப் போனது. திங்களும் போனது. செவ்வாய்க்கிழமை அவன் தரையைத் தட்டியபோது நாய் தலையைத் தூக்கவில்லை. மூன்று தடவை தட்டிய பிறகு மெல்லத் திரும்பிப் பார்த்துவிட்டு முகத்தைக் கவிழ்த்துக்கொண்டது.

"ஏலே வேல்சாமி, என்ன இப்படிக் கிடக்கு?"

"மத்தியானம் கறி போட்டேன் பாய். தின்னுட்டு மயங்கிக் கிடக்கு." வேல்சாமி அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

முகைதீன் வீட்டுக்கு வந்து அன்று கஞ்சியைத் தொடவில்லை. தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுச் சுருண்டுகொண்டான். "மதுரைக்குப் போயிருவோமா நூரு?" என்று கேட்டான். மூன்று முழு நாள் தைக்க வேண்டிய துணி மூட்டையாகக் கிடந்தது. நூர்பானு அவன் காலைப் பிடித்துவிட்டாள். "நாளைக்கு ரவிக்கை குடுக்க நான் அங்கதான போறேன்? கிட்டப் போயிப் பாத்துட்டு வந்து சொல்லுதேன். நீங்க தூங்குங்க."

புதன்கிழமை அவள் காலையில் போய்விட்டு மாலையில்தான் திரும்பினாள். ராஜா வீட்டுப் பெண்கள் தைத்ததைப் பிரித்துத் திருத்தச் சொன்னார்களாம். "நாயி நல்லா இருக்கு. ஆத்துக்குக் குளிப்பாட்டக் கொண்டுபோயிருக்காக. நீங்க இன்னைக்கு வரவேண்டாம்னு வேல்சாமி சொன்னாரு" என்றாள். அன்று மாலை நாயைப் பார்க்காமலே நோன்பு திறந்தான்.

வியாழக்கிழமை போனான். கேட்டருகே வந்து காலைத் தூக்குவதற்குள்ளேயே நாய் எழுந்து நின்றது. கண்ணில் ஒளி, வாலில் ஆட்டம், சட்டிக் கஞ்சியை அவன் எதிரிலேயே நக்கித் துடைத்தது. முகைதீனுக்கு அழுகையே வந்துவிட்டது. நாய்களைப் பற்றி அதுவரை தான் பேசிய எல்லாவற்றுக்கும் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டான். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் "அஞ்சு நாள் ஆச்சு, இன்னும் அஞ்சுதான்" என்றான்.

அன்று நோன்புக்கஞ்சி நாக்கில் வைக்க முடியாமல் கசந்தது.

"என்னட்டி இது?"

"வெந்தயம் கூடிப்போச்சு. குடிங்க."

வெள்ளிக்கிழமையும் கூடிப்போயிருந்தது, சனிக்கிழமையும். இருபது வருஷம் கஞ்சி காய்ச்சுகிறவளுக்கு மூன்று நாள் தொடர்ந்து வெந்தய அளவு தெரியாமல் போகுமா என்று அவன் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. நாய் பிழைத்துக்கொண்ட சந்தோஷத்தில் மிஷினை மிதித்தான். காயம் அரித்தது. ஆறுகிற புண் அரிக்கத்தான் செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

தீபாவளியன்று விடியுமுன் சகர் சாப்பிட்டு, சுபுஹு தொழுதுவிட்டு, ராஜா வீட்டுக் கடைசிச் சட்டைகளை மூட்டையாகத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். தெருவெல்லாம் எண்ணெயும் சீயக்காயும் மணத்தன. வேல்சாமி கேட்டைத் திறந்துவிட்டான். நாய் தொழுவத்தில், தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முன்னங்காலை நீட்டிப் படுத்திருந்தது. முகைதீன் தட்டுவதற்குக் காலைத் தூக்கினான்.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஓலைவெடி போட்டார்கள்.

நாய் ஒரு முழம் மேலே எழும்பியது. வாலை வயிற்றுக்குள் சுருட்டிக்கொண்டு தொழுவத்து மாட்டுவண்டிக்கு அடியில் நுழைந்து ஊளையிட்டது. இன்னொரு வெடி வெடித்தது. காதை மடக்கி, தலையைத் தரையோடு அமுக்கிக்கொண்டு நடுங்கியது.

முகைதீன் தூக்கிய காலைக் கீழே வைக்க மறந்து நின்றான். மூட்டை கையிலிருந்து நழுவியது.

"வேல்சாமி. இதுக்குக் காது கேக்குதே."

வேல்சாமி கேட்டைச் சாத்தினான்.

"என்னையக் கடிச்ச நாயி எங்கலே?"

வேல்சாமி அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான். "அது புதன்கிழமையே போயிட்டு பாய். திங்கள் சாயங்காலத்துலருந்து ஒண்ணும் தின்னல. வாய் மூட மாட்டாம, எச்சில் ஒழுகிட்டுக் கிடந்துச்சு. தென்னந்தோப்புல பொதைச்சுட்டேன். இது அதோட கூடப்பொறந்தது, தோப்புக் காவலுக்கு நின்னது. அதுக்குப் பதிலா இத இங்க கட்டணும்னு நெனச்சது நான் இல்ல. உங்க வீட்டுக்காரங்கதான் என் காலப் பிடிச்சு அழுதாங்க. மாட்டேன்னு சொல்ல முடியல."

வீடு வரைக்கும் எப்படி வந்தான் என்பது அவனுக்கே தெரியாது. நூர்பானு முற்றத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. மறைக்கவில்லை.

"பயந்தா விஷம் தலைக்கு ஏறிரும்னு எல்லாரும் சொல்லுதாக. நீங்க தண்ணி டம்ளரைப் பாத்தே பாதி செத்துட்டீக. நாய் செத்தது தெரிஞ்சா அன்னைக்கே முடிஞ்சிரும்னு பயந்தேன். புதுப்பட்டி வைத்தியர்கிட்ட மருந்து வாங்கிட்டு வந்தேன். கடிபட்டவுகளுக்கு நாயி போனது தெரியக்கூடாது, தெரிஞ்சா மருந்து பிடிக்காதுன்னு அவரு கண்டிச்சுச் சொன்னாரு. அதான் கஞ்சியில…"

"டாக்டர் என்ன சொன்னாரு? செத்த அன்னைக்கே ரயில் ஏறணும்னாரா இல்லையா? நாலு நாள் போச்சே. நீ என்னையக் கொன்னுட்டட்டி" என்று கத்தினான். தெருவில் வெடிச்சத்தம் இருந்ததால் அக்கம்பக்கத்தில் யாருக்கும் கேட்கவில்லை. துணிப்பெட்டியைக் கவிழ்த்து டாக்டர் கொடுத்த கடிதத்தை எடுத்தான். அவள் துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டு பின்னாலேயே ஸ்டேஷனுக்கு வந்தாள். வராதே என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. தனியாகப் போகப் பயமாக இருந்தது.

ரயிலில் எல்லோரும் புதுச்சட்டை போட்டிருந்தார்கள். அதில் இரண்டு அவன் தைத்தவை. அதைப் போட்டவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து காலை வருடிக்கொண்டிருந்தான். அரிப்பு முழங்காலுக்கு ஏறிவிட்டதுபோல் இருந்தது. ஜன்னல் காற்று முகத்தில் பட்டபோது தொண்டை சுண்டியது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் ஒருவர் வாளியில் தண்ணீர் கொண்டுவந்தார். முகைதீன் கண்ணை மூடிக்கொண்டான்.

"பிரயாணத்துல நோன்பை விடலாம். ஒரு வாய் குடிச்சுப் பாருங்க" என்றாள் நூர்பானு.

அவன் தலையை ஆட்டினான். நோன்பின் மேலுள்ள பிடிவாதம் அல்ல அது. குடிக்காமல் இருக்கிற வரைக்கும் குடிக்க முடியுமா முடியாதா என்று தெரியாமல் இருக்கலாம். தெரிந்துகொள்ள அவனுக்குத் தைரியம் இல்லை.

விருதுநகரில் மதுரை வண்டிக்கு மாற வேண்டும். பிளாட்பாரத்துக் குழாயில் அவள் செம்பில் தண்ணீர் பிடித்துவந்து அவன் முன்னால் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். தண்ணீர் செம்பின் விளிம்பில் தளும்பியது. முகைதீன் கடைசியில் பிஸ்மில்லா சொல்லி வாங்கினான். உதட்டில் வைத்தான். கண்ணீர் வழிந்தது. ஒரு மிடறு. இறங்கியது. இன்னொரு மிடறு. முழுச் செம்பையும் மடமடவென்று குடித்துத் தீர்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து விம்மினான். நூர்பானுவும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். பொட்டணமும் கையுமாகப் போனவர்கள் நல்ல நாளும் அதுவுமாக இவர்களுக்கு என்ன என்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

மதுரை வண்டியில் அவன் கோபம் பாதி இறங்கியிருந்தது. அவள் மெதுவாகப் பேசினாள். "அதைச் சாகவிடக்கூடாதுன்னு எம்புட்டோ பாத்தேன். ரெண்டு நாளு, செவ்வாய் நீங்க கடையில இருக்கப்பவும், புதன் பகல் பூராவும், பக்கத்துலயே இருந்தேன். தாடை தொங்கிப்போச்சு, தானா முழுங்க ஏலல. நாந்தான் கஞ்சிச் சோத்தக் கையால உருட்டித் தொண்டை வரைக்கும் தள்ளித் தள்ளிவிட்டேன். இன்னும் ஏழு நாளு இரு, ஏழே நாளுதான்னு அதுகிட்டக் கெஞ்சுனேன். கேக்கல."

"செவிட்டு நாயிகிட்டப் போயிக் கெஞ்சுனியாக்கும்" என்றான். அவள் சிரித்துவிட்டாள். அவனுக்கும் சிரிப்பு வந்தது. காலையிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

பெரிய ஆஸ்பத்திரியில் தீபாவளி டியூட்டிக்கு ஒரு சின்ன வயசு டாக்டர் இருந்தார். மேல் கோட்டுக்குக் கீழே சரிகை வேட்டி தெரிந்தது. கடிதத்தைப் படித்தார், காயத்தை அமுக்கிப் பார்த்தார், தேதிகளைக் கேட்டார்.

"நாய் செத்த அன்னைக்கே வந்திருக்கணும். சரி, இப்பவும் காலம் கடந்துபோகல. கடி கால்லதான். பதினாலு ஊசி, தினம் ஒண்ணு, வயித்துல. வலிக்கும். பதினாலும் போட்டுக்கிட்டாப் பெரும்பாலும் தப்பிச்சுக்கலாம். சட்டையைத் தூக்குங்க."

முகைதீன் சட்டையை நெஞ்சு வரைக்கும் தூக்கிப் பிடித்துக்கொண்டான். பெரும்பாலும் என்ற சொல் அவனுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் நோட்டைத் திறந்து பேர் எழுதினார். எழுதிக்கொண்டே கேட்டார்.

"அந்த நாய் வேற யாரையும் கடிச்சுதா? அதோட எச்சில் வேற யார் மேலயாவது பட்டுச்சா? காயம், கீறல் இருக்கிற இடத்துல பட்டாலும் கடிச்ச மாதிரிதான்."

"இல்லீங்க" என்றாள் நூர்பானு.

டாக்டர் கேட்டு வாய் மூடுவதற்குள் பதில் வந்துவிட்டது. முகைதீன் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கை துப்பட்டிக்குள் இருந்தது.

சட்டையை ஒரு கையால் பிடித்தபடி மறு கையால் அவள் கையை வெளியே இழுத்தான். அவள் விரல்களை மடக்கிக்கொண்டாள். அவன் ஒவ்வொன்றாகப் பிரித்தான். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் ஊசி குத்திக் குத்திக் கறுத்த புள்ளிகள். சில காய்ந்தவை, சில இன்னும் சிவப்பாக இருந்தன. இத்தனை நாளும் அவன் தைத்த சட்டைக்கெல்லாம் காஜா எடுத்த விரல்கள். அவன் தன் தொண்டையை எண்ணினான், தன் காலை எண்ணினான், தன் நாட்களை எண்ணினான். இந்த விரலை ஒரு தடவைகூட எண்ணவில்லை. இதுவரைக்கும் பட்டதெல்லாம் பயமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"இந்தக் கையால அது வாய்க்குள்ள கஞ்சி ஊட்டியிருக்கா சார்" என்றான். "ரெண்டு நாளு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஏம்மா சொல்லல?"

"ரெண்டு பேரும் ஊசியப் போட்டுட்டுப் படுத்துக்கிட்டா அவியள யாரு பாக்கது?" என்றாள் நூர்பானு. "எனக்கு ஒண்ணுமில்ல. நீங்க அவியளப் பாருங்க."

டாக்டர் ஊசியை எடுத்துக்கொண்டு எழுந்தார். முகைதீன் தூக்கிப் பிடித்திருந்த சட்டையைக் கீழே இறக்கிவிட்டான். அவளைத் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினான்.

"முதல்ல இவளுக்குப் போடுங்க சார்."